ஏறிக்கொண்டே போன ஆயில்

வண்டியில் ஆயில் குறைந்தால் யாரும் பயப்படுவதில்லை. எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் எரிகிறது. கீழே குனிந்து பார்ப்போம், புகையைப் பார்ப்போம், காரணம் கிடைத்துவிடும். யாரும் ஊற்றாமல் ஆயில் கூடிக்கொண்டே போனால்தான் மனிதர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

ஓய்வு பெறும்வரை நான் ஓர் ஆயில் கம்பெனியின் கள அதிகாரியாக இருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து பெருந்துறை வரை உள்ள பட்டறைகள் என் பொறுப்பு. எந்த வண்டிக்கு எந்த ஆயில் என்று சொல்வதும், தவறான ஆயிலால் இன்ஜின் கெட்டுப்போனால் போய்ப் பார்ப்பதும்தான் வேலை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் தடிமன், தரக்குறியீடு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. சோமனூரில் ஒரு காரைப் பார்க்கப் போன அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

அங்கே சேவியர் என்று ஒருவர் கார் பட்டறை வைத்திருக்கிறார். நிதானமான மனிதர். சும்மா எதற்கும் என்னைக் கூப்பிட மாட்டார். ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"மேடம், ஒரு டீசல் வண்டிங்க. ஆயில் அளவு ஏறுதுங்க."

"அதிகமா ஊத்திட்டாங்களா?"

"இல்லீங்க. போன தடவ நானே அளவுக்கு இறக்கி விட்டேனுங்க. மறுபடியும் ஏறி நிக்குது. ரேடியேட்டர் தண்ணி கலந்திருக்குமோன்னு பாத்தேன், தண்ணி ஒரு சொட்டுக் கொறையல. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? பசங்க அந்த வண்டியத் தொட மாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"நேர்ல வாங்க மேடம், சொல்றேன்" என்றார்.

நான் போனது பராமரிப்புக்காக ஊர் முழுக்க மின்சாரத்தை நிறுத்தியிருந்த நாள். சோமனூருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் உண்டு. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே அந்த ஊர்க்காரர்களுக்குக் குரல் கனத்துப் போயிருக்கும். அன்று ஒரு தறியும் ஓடவில்லை. வெயில் நன்றாக ஏறிய நேரத்தில் ஊர் அப்படி அடங்கிக் கிடந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பட்டறைக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்தியபோது அந்தச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

அந்தக் கார் வேப்பமரத்தடியில் நின்றது. சாம்பல் நிறம், அதிக வயதில்லை. இடதுபக்க முன் சீட்டில் ஓர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே அவருடைய மகள் நின்றுகொண்டிருந்தாள். தாரணி என்று பெயர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை.

சேவியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வண்டி தாரணியின் அப்பா சென்னியப்பனுடையது. தறிக் குடோன் வைத்திருந்தவர். நூல் எடுக்க ஈரோடு, சேலம் என்று இந்த வண்டியிலேயே ஓடிக்கொண்டிருந்தவர். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் வெளியூர் கிளம்ப வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, போர்ட்டிகோவிலேயே, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். வண்டி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று பார்க்க வந்த மனைவிதான் கதவைத் திறந்திருக்கிறார். இன்ஜின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள்தான் அவருக்குக் குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி நிறுத்தியிருக்கிறார்.

"காலைல எந்திரிச்சதும் பானெட்டத் தொறந்து ஆயில் பாக்காம வண்டி எடுக்க மாட்டாருங்க அவரு" என்றார் சேவியர். "இப்ப ஆயில் தானா ஏறுதுங்கவும், அந்தம்மா, அவருதான் வந்து ஊத்திப்போட்டுப் போறாருங்கறாங்க. அதக் கேட்டதுலருந்து பசங்க அந்த சீட்டுல உக்காரவே மாட்டேங்கறாங்க. மொதல்ல நானும் சிரிச்சேனுங்க. ரெண்டாவது தடவ ஏறுனதப் பாத்தப்பறம் சிரிப்பு வரல."

நான் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. கம்பியிலிருந்து தண்ணீர்போல ஓடிச் சொட்டியது. மூக்கருகே கொண்டுபோனதும் டீசல் வாடை அடித்தது. எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

தாரணியிடம் கேட்டேன். "வண்டி இப்ப எவ்வளவு தூரம் ஓடுதும்மா?"

"ஸ்கூலுக்கும் ஊட்டுக்கும்தானுங்க. பக்கத்துலயே. எப்பவாச்சும் அம்மாவ கருமத்தம்பட்டிக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"கடைசியா என்ன ஆயில் போட்டீங்க?"

"அப்பா போனதுக்கப்பறம் சர்வீஸ் வந்துச்சுங்க. மாமா, குடோன்ல டிராக்டருக்கு வாங்கி வெச்ச ஆயில் இருக்குது, டீசலுக்கு டீசல் ஆயில்தானேன்னு அதையே மாத்தி விட்டாருங்க."

"ஸ்டீயரிங் முன்னால மஞ்ச லைட் ஏதாவது எரிஞ்சுதா?"

அவள் காருக்குள் இருந்த அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "எரியுங்க. அப்பறம் தானா அணைஞ்சிரும். இன்னொண்ணு இருக்குதுங்க. ஊட்டுக்கு வந்து வண்டிய ஆஃப் பண்ணிச் சாவிய எடுத்ததுக்கப்பறமும் முன்னால ஃபேன் மட்டும் ஓடிட்டே இருக்கும். வேகமா. பக்கத்துல போனா அனலடிக்கும், கருகுன வாசன வரும். நானும் மொதல்ல பயந்துபோயிட்டேன். அம்மா மட்டும் கிட்டப் போயி நின்னு கேட்டுட்டே இருப்பாங்க. அது நிக்கற வரைக்கும் உள்ள வர மாட்டாங்க."

ஆளில்லாத கார் ஒன்று மூச்சிரைத்துக்கொண்டிருக்க, அதன் எதிரில் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் நின்று கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

காரணம் இதுதான். புதிய டீசல் வண்டிகளில் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்தால் வண்டியே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு, சூடேற்றி அதை எரித்துவிடும். அது எரிந்து முடிய வண்டி நீண்ட தூரம் நிற்காமல் ஓட வேண்டும். சென்னியப்பன் நெடுஞ்சாலையில் ஓட்டியவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மகள் பள்ளிக்கூடம் வரை ஓட்டி நிறுத்தும்போது எரிப்பு ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றது. கரி நிறைந்ததைத்தான் மஞ்சள் விளக்கு காட்டியது, அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ஃபேன் ஓடியது. எரியாத டீசல் இன்ஜினுக்குள் வழிந்து ஆயிலோடு சேர்ந்தது. டிராக்டர் ஆயில் எரிந்தால் சாம்பல் அதிகம். அந்தச் சாம்பல் வடிகட்டியை அடைக்க அடைக்க, வண்டி இன்னும் அடிக்கடி எரிக்கப் பார்க்கும். இந்த மாதிரி வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். கேனின் முன்பக்கத்தில் டீசல் என்று பெரிதாக எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் வண்டியின் கையேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் சேவியரிடம், "இத இப்படியே ஸ்டார்ட் பண்ணக்கூடாது. தள்ளிக் குழிமேல கொண்டு போங்க, மொதல்ல எல்லாத்தையும் இறக்கிரலாம்" என்றேன். அவர் பையன்களைக் கூப்பிடப் பின்பக்கம் போனார். நான் ஆயில் மாதிரி எடுக்கும் புட்டியை எடுக்க என் வண்டிக்குப் போனேன். அடியில் நின்று வேலை பார்க்கும் குழிமேல் காரை ஏற்ற வேண்டும் என்ற வரை மட்டும் தாரணியின் காதில் விழுந்திருக்கிறது. அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளே ஏறி ஸ்டார்ட் செய்து, காரை மெதுவாக நகர்த்திக் குழிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் நிற்கவில்லை.

முதலில் வழக்கமான சத்தம்தான். பிறகு யாரோ ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிப்பதுபோல அது ஏறியது. நான் திரும்பிப் பார்த்தபோது தாரணி காருக்கு வெளியே நின்றிருந்தாள். சாவி அவள் கையில் இருந்தது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. சத்தம் மேலும் மேலும் ஏறி, ஊளையாகி, அந்த அடங்கிய தெருவை நிறைத்தது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு வந்து வேப்பமரத்தை மறைத்தது. ஓடி வந்த பையன்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். ஒருவன் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே பின்வாங்கினான்.

"மேடம்" என்றாள் தாரணி. சாவியை மட்டும் என்னை நோக்கி நீட்டினாள்.

எங்கள் தொழிலில் இதைப் பற்றிப் படித்திருப்போம். நேரில் பார்ப்பவர்கள் குறைவு. அளவுக்கு மேல் ஏறிய ஆயில், இன்ஜினின் ஆவியை வெளியேற்றும் ஆவிக் குழாய் வழியாகக் காற்று உறிஞ்சும் பக்கம் போய்விட்டால், டீசல் இன்ஜின் தன்னுடைய ஆயிலையே குடித்து ஓட ஆரம்பிக்கும். அதற்குச் சாவி வேண்டாம், டீசலும் வேண்டாம். ஆயில் தீரும்வரை ஓடும், அல்லது வெடித்துச் சிதறும்வரை ஓடும். சிதறினால் இரும்புத் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் காரின் முன் சீட்டில் சென்னியப்பனின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

சேவியர் காற்றுக் குழாயை அடைக்க ஒரு பலகையோடு ஓடினார். குழாய் உள்ளே தள்ளி இருந்தது. அதை இறுக்கியிருந்த கிளாம்பில் கை வைத்தவர் சூட்டில் கையை உதறினார். "அம்மா, எறங்குங்க" என்று கத்தினார். அந்த அம்மாள் திரும்பவே இல்லை. தாரணி அம்மாவின் பக்கத்துக் கதவை இழுத்தாள். உள்ளே பூட்டியிருந்தது.

இன்னொரு வழி இருந்தது. பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை ஒரேயடியாக விட்டால் இன்ஜின் திணறி நிற்கும். அதற்கு ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும். யாரைப் பார்த்துச் சொல்வது? நானே ஏறினேன்.

எனக்குப் பயமில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சீட் சூடாக இருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது, மறுபக்கத்தில் யாரோ பிடித்து உலுக்குவதுபோல அது அதிர்ந்தது. கிளட்சை மிதித்துக் கியர் மேல் கை வைத்தேன். அப்போது அந்த அம்மாளின் கை என் கைமேல் வந்து அழுத்தியது.

அவர் பெயர் மயிலாத்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம் அந்தக் கையின் பலம்தான். முகத்தில் பயமே இல்லை.

"நிறுத்தாதீங்க கண்ணு" என்றார். "அன்னைக்குக் கெளம்புனவர நான்தான் நிறுத்திப்போட்டேன். இன்னைக்காச்சும் போகட்டும் உடுங்க."

"அம்மா, இது ஆயில் எரியறதுங்க. இன்ஜின் வெடிச்சிரும். கைய எடுங்க."

"உடுங்க கண்ணு."

அவரோடு இழுபறி செய்ய நேரமில்லை. ஆவிக் குழாயைப் பற்றியும் வடிகட்டியைப் பற்றியும் சொல்லி அந்தக் கையை எடுக்க வைக்க முடியாது. உங்கள் கணவர் வருவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லியும் முடியாது. அந்தக் காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட, அதை ஓட்டிய மனிதரைப் பற்றி அவருக்குத் தெரியும். அதைத்தான் கேட்டேன்.

"அம்மா, உங்க ஊட்டுக்காரர் வண்டிய இப்படித்தான் ஓட்டுவாருங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து அந்த ஊளையைக் கேட்டார். முதன்முறையாகக் கேட்டதுபோல இருந்தது அவர் முகம்.

"மாட்டாருங்க" என்றார். "ஒரு நாளும் இப்படி முறுக்க மாட்டாரு." கையை எடுத்துவிட்டார்.

கடைசி கியரைப் போட்டேன். கை பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கின் மேல் எழுந்து நிற்பதுபோல மிதித்து, கிளட்சை விட்டேன். கார் ஒரு தடவை முன்னால் குதித்தது. உடம்பெல்லாம் உதறியது. நின்றது.

அதற்குப் பிறகு வந்த அமைதியை என்னால் உங்களுக்குச் சொல்லிக் காட்ட முடியாது. புகை கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் துணிபோலத் தொங்கியது. எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருமே இல்லை என்பதுபோல இருந்தது. சுட்ட இரும்பு ஆறும் டிக் டிக் சத்தம் மட்டும் பானெட்டுக்கு அடியிலிருந்து வந்தது.

மயிலாத்தாள் அம்மாள் முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு நான் சாவியத் திருப்புனப்ப அவருக்கு உசுரு இருந்திருக்குமோன்னு ஒரு நெனப்புங்க. வண்டி ஓடிட்டு இருந்துச்சல்ல. ஆள் இல்லாம எப்படி ஓடும்? நான் நிறுத்துனதாலதான் நின்னுபோச்சோ என்னமோன்னு."

எனக்கு ஆயிலைப் பற்றித்தான் தெரியும். "அது எனக்குத் தெரியலீங்கம்மா" என்றேன். அப்போதைக்கு ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் காலையில் அதை அவர் நம்பியிருக்க மாட்டார்.

என் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. தாரணி அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். அம்மாள் பூட்டை எடுத்துவிட்டார். அவள் கீழேயே மண்டி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, ஆஸ்பத்திரில டாக்டர் எங்கிட்டச் சொன்னாரும்மா. நீ போயிக் கதவத் தொறக்கறதுக்கு ரொம்ப முன்னாலயே அப்பா போயிட்டாருன்னு. உக்காந்த ஒடனேயே போயிருச்சாம்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீ கேக்கவே இல்லயேம்மா. கேட்டா அழுவியேன்னு நானும் சொல்லல."

நான் இறங்கிச் சற்றுத் தள்ளிப் போனேன். சேவியர் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் தோல் வெந்திருந்தது. சற்று நேரத்தில் மின்சாரம் வந்தது. பக்கத்துச் சந்தில் ஒரு தறி ஓட ஆரம்பித்தது. பிறகு இன்னொன்று. பையன்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

மாலைக்குள் ஆயிலை இறக்கினோம். தட்டு நிரம்பி வழியும் அளவுக்கு வந்தது, மை கலந்த தண்ணீர்போல. இன்ஜின் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். பேரிங்குகளை மாற்ற வேண்டியிருந்தது. காற்றுக் குழாய்களைக் கழற்றிக் கழுவ வேண்டியிருந்தது. வடிகட்டி சரிப்பட்டு வரவில்லை, வேறு போட்டார்கள். கையேட்டில் சொன்ன சாம்பல் குறைந்த ஆயிலை ஊற்றிய பிறகு, வாரம் ஒரு தடவையாவது பெருந்துறைப் பக்கம் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டிவிட்டு வரும்படி தாரணியிடம் சொன்னேன். அவளுடைய மாமாவிடமும் பேசினேன். அவர் நல்ல எண்ணத்தில் செய்தவர். டிராக்டர் ஆயிலில் குற்றமில்லை, அது டிராக்டருக்கான ஆயில், அவ்வளவுதான் என்று சொன்னபோது அவர் நிம்மதியானார்.

உங்களிடம் வருகிறவர்கள் வண்டியின் கோளாறை மட்டும் கொண்டுவருவதில்லை. ஆயில் ஏறுகிறது என்று சொல்கிறவர் அதற்குள் தனக்கென்று ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருப்பார். அதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், பொறுமையாகக் கேளுங்கள். ஃபேன் ஓடியதையும் விளக்கு எரிந்ததையும் அந்தக் குடும்பம் பேய்க் கதையாகத்தான் எனக்குச் சொன்னது. ஆனால் எனக்கு வேண்டிய எல்லாமே அதில் இருந்தது. உங்களுக்குத் தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் இட்டுக்கட்டிச் சொல்கிற பழக்கம் வந்துவிட்டால் இந்த வேலையில் உங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

சில வாரங்கள் கழித்துத் தாரணி போன் செய்தாள். அப்போதும் பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"மேடம், நேத்துப் பெருந்துறை வரைக்கும் போயிட்டு வந்தோமுங்க. அம்மாவும் வந்தாங்க. காலைல ஆயில் பாத்தேன், அளவு அப்படியே நிக்குதுங்க."

"நல்லது. இனி அப்படியேதான் இருக்கும்."

அவள் போனை வைக்கவில்லை. "அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க" என்றாள் தயங்கி. "இனிமே ஏறவே ஏறாதுங்களா?"

"ஏறாதும்மா. தைரியமா இருக்கச் சொல்லு."

அவள் போனைச் சற்று நகர்த்தி அம்மாவிடம் அதைச் சொல்வது கேட்டது. தறிகள் அடித்துக்கொண்டே இருந்தன. பிறகு மயிலாத்தாள் அம்மாளின் குரல், தூரத்திலிருந்து, "செரி" என்றது.

அது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.